கால் மதமதப்பு, மறதி, தடுமாற்றம்: வைட்டமின் குறைவு மூளையையும் தண்டுவடத்தையும் என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்காகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காட்டு மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லா வைட்டமினுக்கும் சம இடம் கொடுக்கவில்லை. நரம்பைக் கெடுப்பதில் பி12 குறைவுக்கும் பி1 குறைவுக்கும் இருக்கும் பங்கு மற்றவற்றுக்கு இல்லை.

அம்மாவுக்கு 62 வயசு. ரெண்டு காலும் மதமதன்னு இருக்கு, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. ஹீமோகுளோபின் 12 இருக்கு, ரத்தசோகை இல்லைன்னுட்டாங்க. அப்புறம் எப்படி வைட்டமின் குறைவா இருக்கும்?

இருக்கலாம். பி12 குறைந்தால் முதலில் ரத்தம் கெடும், பிறகுதான் நரம்பு கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வரிசை எதுவும் கிடையாது. ரத்தம் நன்றாக இருக்கும்போதே தண்டுவடம் கெட்டுப்போனவர்கள் நிறையப் பேர்.

பி12 குறைவில் ரத்தச் சிவப்பணு அளவில் பெரிதாகும், ரிப்போர்ட்டில் எம்.சி.வி (சிவப்பணுவின் சராசரி அளவு) என்ற எண் 100-ஐத் தாண்டும். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு அதே அணுவைச் சிறுக்க வைக்கும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி எம்.சி.வி 88 என்று சாதுவாக வந்து நிற்கும். நம் ஊர்ப் பெண்களிடம் இரும்புக் குறைவு சகஜம். அதனால் ‘எம்.சி.வி நார்மல்’ என்ற ஒரு வரியை வைத்து பி12 குறைவு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

தண்டுவடத்தில் நடப்பது இது. நரம்பிழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மின்கம்பிக்கு மேலே இருக்கும் ரப்பர் உறை போல. பி12 இல்லாமல் அந்த உறை வீங்கி உரியும். முதலில் அடிபடுவது தண்டுவடத்தின் பின்பக்கப் பாதை. கால் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்ற தகவலை மூளைக்கு எடுத்துப்போவது அதுதான். பிறகு பக்கவாட்டுப் பாதையும் கெட்டுக் கால் விறைக்கும். பெரும்பாலும் கழுத்து, மேல்முதுகு மட்டத்தில் தொடங்கும் சேதம் இது. ஆனாலும் ஆள் உணர்வது பாதத்தில்தான், அதுவும் இரண்டு பாதத்திலும் ஒரே அளவில். ஒரு காலில் மட்டும் மதமதப்பு என்றால் முதலில் இடுப்பு டிஸ்க்கைப் பாருங்கள்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கா?

உறுதி செய்ய முடியாது, சந்தேகப்பட முடியும். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். செருப்பு கழன்றது தெரியாமல் நான்கடி நடந்துவிடுகிறார்களா? கரண்ட் போனால், இருட்டில் கொல்லைப்பக்கம் போகச் சுவரைப் பிடிக்கிறார்களா? குழாயடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுகிறார்களா? மூன்றும் ஒரே காரணத்தால் வருபவை. பாதத்திலிருந்து தகவல் வராதபோது கண்தான் அந்த வேலையைச் செய்கிறது. கண்ணை மூடினால் அதுவும் போய்விடும்.

மருத்துவர் செய்வதும் இதே சோதனையின் ஒழுங்கான வடிவம்தான். பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வார். வீட்டில் செய்து பார்ப்பதானால் பக்கத்தில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்; விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது வேறு கதை. அடுத்தது 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்). அதைத் தட்டி, கால் பெருவிரல் எலும்பின் மேல் வைப்பார். ‘அதிருதா?’ என்றால் ‘ஏதோ தொடற மாதிரி இருக்கு’ என்று பதில் வரும். தொடுவது தெரிகிறது, அதிர்வு தெரியவில்லை. கணுக்காலுக்கு ஏற்றுவார், முழங்காலுக்கு ஏற்றுவார். எந்த இடத்தில் ‘ஆங், இப்ப அதிருது’ என்கிறார்களோ அதைக் குறித்துக்கொள்வார். மூன்று மாதம் கழித்து அந்த இடம் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியிருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது.

மெடிக்கல் ஷாப்பிலோ பக்கத்து கிளினிக்கிலோ அந்த செவப்பு பி12 ஊசி ஒண்ணு போட்டுக்கிட்டா போதாதா?

இந்தக் கேள்வி பதிலில் வற்புறுத்திச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. அதில் முதலாவது இது. பி12 விஷயத்தில் முதலில் ரத்தம் எடுங்கள், பிறகு ஊசி. ஒரே ஊசியில் ரத்தத்தில் பி12 அளவு எகிறிவிடும். அதன்பின் எடுக்கும் பரிசோதனை 1,500 என்று காட்டும். குறைவு இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். கால் மதமதப்புக்கு வேறு காரணம் இருந்தால் அதைத் தேடுவதும் தள்ளிப்போகும். ரத்தம் எடுத்த கையோடு ஊசி போட்டுக்கொள்ளலாம், ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பி12 அளவு ஒரு மி.லி.க்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. 200-க்கும் 300-க்கும் நடுவில் இருந்தால் இரண்டுங்கெட்டான். அப்போது ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் ஆகிய இரண்டையும் பார்ப்பார்கள். உடம்பில் பி12 செய்ய வேண்டிய வேலை நின்றுபோனால் இவை இரண்டும் தேங்கி உயரும். ஹோமோசிஸ்டீன் மட்டும் உயர்ந்திருந்தால் ஃபோலிக் அமிலக் குறைவாகவும் இருக்கலாம். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்ல வேண்டும். சில கருவிகளில் அது பி12 அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது.

குறைவுன்னு உறுதியாயிடுச்சு. எவ்வளவு ஊசி, எவ்வளவு நாள்?

நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் 1,000 மைக்ரோகிராம், தசையில். தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஒன்றிரண்டு வாரம், பிறகு வாரம் ஒன்று வீதம் ஒரு மாதம், அதன்பின் மாதம் ஒன்று. இது பொதுவான அட்டவணை. பாதிப்புக்கு ஏற்ப மருத்துவர் கூட்டிக் குறைப்பார். ஐந்து ஊசி போட்டதும் ‘தெம்பா இருக்கு’ என்று நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. தெம்பு வருவது ரத்தத்தால், ஓரிரு வாரத்தில் வந்துவிடும். நரம்பு அவ்வளவு சீக்கிரம் தேறாது. முன்னேற்றம் தெரிய ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும், முழுப் பலன் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். தொடங்கிய சில நாளில் எரிச்சல் கொஞ்சம் கூடுவதும் உண்டு. அதற்காக நிறுத்த வேண்டாம்.

எவ்வளவு தேறும் என்பதை முடிவு செய்வது தாமதம்தான். மதமதப்பு வந்து மூன்று மாதத்தில் ஊசி தொடங்கியவர் பெரும்பாலும் நன்றாகத் தேறுவார். இரண்டு வருடம் தைலம் தேய்த்துவிட்டு வந்தவருக்குக் கோல் நிரந்தரமாகலாம்.

மாத்திரையும் வேலை செய்யும், ஆனால் அளவு பெரிதாக இருக்க வேண்டும். குடல் உறிஞ்சும் வழக்கமான வழி அடைத்திருந்தாலும் சுமார் 1 சதவீதம் தானாகக் கசிந்து உள்ளே போகும். 1,000 மைக்ரோகிராமில் 10. ஒரு நாளைக்கு வேண்டியது 2-லிருந்து 2.5 மைக்ரோகிராம்தான். நரம்பு கெட்டிருக்கும்போது ஊசியில் தொடங்கிவிட்டு, பிறகு மாத்திரைக்கு மாறுவது பாதுகாப்பான வழி.

கடுமையான ரத்தசோகையோடு இருப்பவருக்கு முதல் சில நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கக்கூடும். அவரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரை வீட்டில் இருக்கு. அதுவும் ரத்தத்துக்குத்தானே?

பி12 குறைவு இருக்கிறவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறும், முகம் தெளியும், தண்டுவடம் தொடர்ந்து கெடும். எல்லோரும் ‘சரியாகிவிட்டது’ என்று நம்பும் நேரத்தில் கால் விறைக்கும். 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலத்தைத் தனியாக, பி12 பார்க்காமல் மாதக்கணக்கில் விழுங்காதீர்கள்.

நம்ம பக்கம் யாருக்கு இந்தக் குறைவு அதிகம் வரும்?

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களை முதலில் சொல்ல வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை அந்த மருந்து குறைக்கும். நான்கைந்து வருடத்துக்கு மேல் சாப்பிட்டு, கால் மதமதப்பும் இருந்தால், ‘சர்க்கரை நரம்பு’ என்று முடிவு கட்டுமுன் பி12 பாருங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். குறைவை ஈடுகட்டினால் போதும். அடுத்து, வருடக்கணக்கில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுகிறவர்கள்: வயிற்று அமிலம் இல்லாமல் உணவிலிருந்து பி12 பிரியாது. பாலும் குறைவாகச் சாப்பிடும் சைவர்கள், இரைப்பை அறுவை செய்தவர்கள், முதியவர்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு.

வட ஆற்காட்டுக்கு இதில் தனி வரலாறே இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் ‘டிராபிகல் ஸ்ப்ரூ’ கொள்ளைநோய் போலப் பரவியது. ஓயாத பேதி, குடல் சவ்வு தேய்ந்துபோதல், பி12-ம் ஃபோலேட்டும் (உணவில் இருக்கும் ஃபோலிக் அமிலம்) உள்ளே ஏறாமல் நிற்பது இவை அதன் கூறுகள். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்து எழுதியவை இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. இப்போது அந்த நோய் அரிது. ஆனாலும் மாதக்கணக்கில் பேதி, எடை குறைவு, நாக்கு வழவழப்பு, கால் மதமதப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் குடலையும் சோதிக்க வேண்டும்.

புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது. அந்த ஒரு மாசத்துல பி12 இறங்கிடுமா?

இறங்காது. உடம்பில், முக்கியமாகக் கல்லீரலில், 2 முதல் 5 மில்லிகிராம் சேமிப்பு இருக்கும். வரவே இல்லாவிட்டாலும் சில வருடம் ஓடும். அதனால்தான் இந்தக் குறைவு சத்தமில்லாமல் வருகிறது.

கேழ்வரகுக் கூழ், பழைய சோறு, இட்லி மாவு எல்லாம் புளிக்குதே, அதுல பி12 உண்டாகும்னு சொல்றாங்களே?

நம்பி உட்கார முடியாது. புளிப்பதில் வேறு நன்மைகள் உண்டு, ஆனால் நரம்பைக் காக்கும் அளவுக்கு பி12 அதில் கிடைக்காது. முருங்கைக்கீரையில் ஃபோலேட் உண்டு, பி12 துளியும் இல்லை. சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பது பெரும்பாலும் போலி பி12. பரிசோதனையில் கணக்கு காட்டும், உடம்பில் வேலை செய்யாது. ஆட்டு ஈரல், மாட்டுக்கறி, மத்தி மீன், முட்டை, பால், தயிர் இவைதான் உண்மையான வழி. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம், ஒரு முட்டையில் அதில் பாதி. ஈரல் வறுவலில் பி12 ஏராளம். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கருவுக்கு ஆகாது.

வீட்டுக்காரர் தினமும் குடிப்பார். நாலு நாளா சாப்பிடலை, உளர்றார், நடை தள்ளாடுது. போதை தெளிஞ்சா சரியாயிடும்தானே?

வற்புறுத்த வேண்டிய இரண்டாவது விஷயம் இது, முதலாவதற்கு நேர் எதிர். பி1, அதாவது தயமின் விஷயத்தில் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கவே கூடாது. உடம்பில் இருக்கும் மொத்தச் சேமிப்பே 25-30 மில்லிகிராம்தான். இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் மூளையின் நடுப்பகுதி சக்தியில்லாமல் சாகத் தொடங்கும். வெர்னிக்கி நோய் என்று பெயர். குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு (இரட்டையாகத் தெரிவது, கருவிழி துள்ளுவது) மூன்றும் இருந்தால்தான் நோய் என்று புத்தகத்தில் படித்திருப்பார்கள். மூன்றும் ஒன்றாக வருவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான். குடிக்கிறவர், சாப்பிடாதவர், குழம்புகிறார் என்றால் அதுவே போதும், தயமின் போட வேண்டும்.

அளவு: 500 மில்லிகிராம், 100 மி.லி. சலைனில் கலந்து அரை மணி நேரத்தில், நாளுக்கு மூன்று வேளை, இரண்டு மூன்று நாள்; பிறகு 250 மில்லிகிராம் வீதம் சில நாள். வாய்வழி பி-காம்ப்ளெக்ஸ் இங்கே உதவாது. குடிகாரரின் குடல் அதில் சொற்பத்தைத்தான் உறிஞ்சும். மெக்னீசியம் குறைந்திருந்தால் தயமின் போட்டும் பலன் தெரியாது, அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்’ என்று கேட்கும் பழக்கம் இந்த இடத்தில்தான் ஆபத்து. குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். மிச்சமிருக்கும் துளியையும் அந்த பாட்டில் செலவழித்துவிடும். ஆள் மாலைக்குள் மயக்கத்துக்குப் போகலாம். தயமின் முன்னால், அல்லது கூடவே. ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கியிருந்தால் குளுக்கோஸை நிறுத்திவைக்கக் கூடாது, இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும்.

கண் அசைவு சில மணி நேரத்திலேயே சரியாகத் தொடங்கும். நடை மெதுவாக, பலருக்கு அரைகுறையாக. தாமதமானால் நினைவு போய்விடும். அதுதான் கோர்சகாஃப் நோய். காலை இட்லி சாப்பிட்டு அரை மணி ஆகியிருக்கும். கேட்டால் ‘காட்பாடி ஸ்டேஷன்ல பூரி சாப்பிட்டேன்’ என்று தெளிவாகச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. நினைவில் இருக்கும் ஓட்டையை மூளை தானே ஏதோ ஒன்றை வைத்து அடைக்கிறது.

குடி இல்லாமலும் இது வரும். மசக்கையில் வாரக்கணக்கில் வாந்தி எடுக்கும் பெண், எடை குறைக்க வயிற்று அறுவை செய்துகொண்டு வாந்தி எடுப்பவர், நீண்ட நாள் பட்டினி கிடந்தவர் எல்லோருக்கும் அதே விதிதான்.

அரிசியில தயமின் இருக்கா? புழுங்கலா, பச்சரிசியா?

புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் கணிசமாக மிஞ்சும். ஆந்திரக் கடலோரத்தில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களிடம் பெரிபெரி (தயமின் குறைவால் வரும் நோய்) பரவியிருந்த காலத்தில், புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாக இருந்தது இதனால்தான். ஆனால் வெள்ளை வெளேரென்று பாலிஷ் போட்ட அரிசியை மூன்று முறை கசக்கிக் கழுவி, கஞ்சியையும் வடித்தால் மிஞ்சுவது குறைவு. முதல் கழுநீர் கழனித் தொட்டிக்குப் போகிறது. தயமின் மாட்டுக்குக் கிடைக்கிறது. ஒரு முறை அலசி, அளவாகத் தண்ணீர் வைத்து வடிக்காமல் பொங்குங்கள். பருப்பு, வேர்க்கடலை, உளுந்து சேர்ந்தால் கவலையில்லை.

டிபி மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து கால் எரியுது.

டிபி மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் பி6-ஐப் பிடித்துச் சிறுநீரில் கொண்டுபோய்விடும். அதனால்தான் கூடவே 10 மில்லிகிராம் பைரிடாக்சின் (பி6) தருகிறார்கள். சின்ன மாத்திரை என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். எரிச்சல் வந்துவிட்டால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். டிபி மருந்தை நிறுத்தாதீர்கள். எதிர்ப்பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: பி6-ஐ 100, 200 மில்லிகிராம் என்று மாதக்கணக்கில் தாமாகச் சாப்பிட்டால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுத்து அதே எரிச்சலையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும்.

கல்யாணம் ஆகிக் குழந்தைக்குக் காத்திருக்கோம். ஃபோலிக் ஆசிட் எப்ப ஆரம்பிக்கணும்?

இப்போதே. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், கிட்டில் இரண்டு கோடு பார்த்து, ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போவதற்குள் அந்த நாள் கடந்திருக்கும். கருவுக்கு முன்னிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம், மூன்று மாதம் முடியும்வரை. முன்பு தண்டுவடக் குறையோடு குழந்தை பிறந்திருந்தாலோ, வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிட்டாலோ 4-5 மில்லிகிராம், மருத்துவர் சொல்படி. பழைய குறையுள்ளவர்களுக்கு அந்த அளவு மறுபடி வருவதை 72 சதவீதம் தடுத்தது என்று 1991-இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு காட்டியது.

பத்து மாசக் குழந்தை. கொழுகொழுன்னு இருந்தது, உட்கார்ந்தது. இப்ப சிரிக்கிறதில்லை, கை நடுங்குது.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையா, தாய்க்கு பி12 குறைவா என்று கேட்க வேண்டும். தாயிடம் இல்லாதது பாலிலும் இருக்காது. முடி செம்பட்டையாகி அடர்த்தி குறையும், விரல் கணுக்கள் கருக்கும், கற்றதை மறக்கும், பிறகு நடுக்கம். வலிப்பு என்று நினைத்து மருந்து தொடங்குமுன் தாய், சேய் இருவருக்கும் பி12 பாருங்கள். ஊசி போட்டதும் சில நாளில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும். நடுக்கம் சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகுதான் தலைகாட்டும், சில வாரத்தில் அடங்கும். ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்காமல் தள்ளிப்போடுவதுதான் பல வீடுகளில் இதற்கு வழிவிடுகிறது.

பிறந்ததும் தொடையில் போடும் 1 மில்லிகிராம் வைட்டமின் கே ஊசியைத் தவறவிடாதீர்கள். அது இல்லாத குழந்தைக்கு இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் திடீரென்று மூளையில் ரத்தம் கசியலாம்.

எல்லா மதமதப்பும் வைட்டமின்தானா?

இல்லை. சர்க்கரை, தைராய்டு, கழுத்து எலும்புத் தேய்மானம் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. உணர்வில்லாத வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோயை நினைக்க வேண்டும். அதற்கென்றே இருக்கும் கரிகிரி ஆஸ்பத்திரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ ஒட்டும் வேலை செய்கிறவர்கள், பசையில் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருக்கிறதா என்று விசாரியுங்கள். காற்றோட்டமில்லாத அறையில் அந்த ஆவியை மாதக்கணக்கில் சுவாசித்தால் கால் மரத்து, பாதம் தொங்கும். அதற்கு எத்தனை செவப்பு ஊசி போட்டாலும் பலனில்லை. என்ன வேலை, எந்தப் பசை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.